ஐந்தாவது பட்டை

வாசலில் இருந்த வருகைப்பதிவு இயந்திரம் அன்றும் அவளை உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. வலது கட்டைவிரலில் குறுக்காக ஓடும் தழும்புதான் காரணம். ஏழு வயதில் பால்மாவு டப்பாவை யாருக்கும் தெரியாமல் திறக்கப் போய்க் கிழித்துக்கொண்டது. டப்பாவைத் திறந்தது நான்தான் என்று சொல்லி வீட்டில் அடி வாங்கியவன் அண்ணன். பிற்காலத்தில் இருவரும் இதே பசை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "மெஷினுக்கே உன்னைப் பிடிக்கல பாரு" என்று தினமும் வம்புக்கிழுப்பான். இப்போது வம்புக்கிழுக்க ஆள் இல்லை. மூன்றாவது முறை அழுத்தியபோதுதான் கதவு திறந்தது.

அண்ணன் கடைசியாக ஒட்டிய ஐந்து பட்டைகளைப் பிரிக்கும் நாள் அது. ஒவ்வொன்றும் இரண்டு அலுமினியத் துண்டுகள், நடுவில் அவன் கண்டுபிடித்த பசை. ஒரு ஆளைத் தொங்கவிட்டாலும் விடாத பிடி. ஆனால் நூற்று முப்பது டிகிரிச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் கையாலேயே பிரித்துவிடலாம். காது கேட்கும் கருவியும் செல்போனும் திறக்க முடியாமல் ஒட்டப்பட்டு, சின்னப் பழுதுக்கெல்லாம் குப்பைக்குப் போவதைப் பார்த்து அவனுக்கு ஆறவே ஆறாது. "ஒட்டுறது என்ன பெரிய வித்தை, கழட்ட வைக்கிறதுலதான் இருக்கு" என்பான். மூன்று வருடம் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பிறகும் பட்டைகள் சுத்தமாகப் பிரிந்தால் பசை தேறிவிட்டது என்று அர்த்தம்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஐந்தாவது பட்டை மட்டும்தான்.

ஸ்பிரிட்டால் துடைத்த அலுமினியத் துண்டை வெறும் விரலால் தொடவே கூடாது என்பது அங்கே வேதவாக்கு. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது. அதற்காகக் கையுறை கட்டாயம். அண்ணனோ, உறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இடுக்கியால்தான் வேலை செய்வான். அவள் தரச் சோதனை அதிகாரி. மற்றவர்களுக்கு ஒரு சட்டம், அண்ணனுக்கு ஒரு சட்டமா என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே என்று அவனிடம் மட்டும் இரண்டு மடங்கு கறாராக இருப்பாள். மூன்று வருடத்துக்கு முன்பு, இந்தப் பட்டைகளை அவன் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அப்படித்தான் அவன் மேசைக்கே போய், எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி சத்தம் போட்டாள். அவன் கலந்து வைத்த பசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவனுடைய சோதனை ஏட்டைப் பார்த்தாள். "5 –        விரல் பட்டது. கணக்கில் சேர்க்க வேண்டாம்." கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் அத்தனை இடம் விட்டு, கோணல்மாணலாக ஒரு வரி. எழுதுவதில்கூட அலட்சியம் என்று எரிச்சல்தான் வந்தது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து இணைத்து, மேலாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தாள். அண்ணனை மேசையிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். பசையைக் கண்டுபிடித்தவன் டிரம் எண்ணிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பதினோராவது மாதம், அந்த டிரம்களுக்கு நடுவிலேயே அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

அன்றிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு வரியைத்தான். தவறு அவனுடையது, நான் கடமையைச் செய்தேன். அதற்குச் சாட்சி ஐந்தாவது பட்டைக்குள் இருக்கிறது. அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இராத்தூக்கம் வரும் என்று நம்பினாள்.

முதல் நான்கும் பிசிறில்லாமல் பிரிந்தன. உள்ளே ஒரு விரல்ரேகை இல்லை, ஒரு தூசி இல்லை. இடுக்கியால் செய்த வேலை அவ்வளவு சுத்தம். மேலாளருக்கு வாயெல்லாம் பல். ஐந்தாவது எதற்கு, உங்கள் அண்ணனே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே என்றார். இருக்கட்டும், அதையும் பார்த்துவிடலாம் என்று அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பத்து நிமிடம் கழித்து அதுவும் பிரிந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். பசைப் படலத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, அச்சில் வார்த்ததுபோல் தெளிவாக இருந்தது. அதன் குறுக்கே வரி விழாத ஒரு வெட்டுக்கோடு ஓடியது.

அவளுக்கு அன்று பேசியதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது, கை என்ன செய்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. துடைத்து வைத்திருந்த துண்டை வெறுங்கையால் எடுத்து, "இப்படியா வேலை பாப்பாங்க?" என்று அவன் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு மேசையில் போட்டவள் அவள்தான். கலந்த பசை ஆறு நிமிடத்தில் இறுகிவிடும். அவள் கத்தி முடிப்பதற்குள், திரும்பத் துடைக்க அவனுக்கு நேரம் இல்லாமல் போயிருக்கும்.

மேலாளர் எட்டிப் பார்த்து, ரேகை தெரிகிறதா என்று கேட்டார்.

"தெரியுது சார்."

கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்குப் போய் அண்ணிக்குப் போன் செய்தாள். சாவுக்குப் பிறகு அவளாகச் செய்யும் முதல் அழைப்பு. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், ஐந்தாவது பட்டையில் இருந்தது என் விரல் அண்ணி என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்மா. அன்னிக்கே சொன்னாரு. செக் பண்றவளே தொட்டுட்டான்னு தெரிஞ்சா அவ வேலையே போயிடும், எனக்குன்னா இடம்தானே மாறும்னாரு."

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லக் கூடாதுன்னுட்டாரே. கோவம் தணிஞ்சா அவளே வருவான்னு சொல்லிட்டு, லீவு நாள்ல எல்லாம் வாசல்லயே சேர் போட்டு உக்காந்திருப்பாரு."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். யார் பார்த்தால் என்ன என்றாகிவிட்டது. போனில் அண்ணியும் அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அண்ணனின் ஏட்டைத் திறந்தாள். கோட்டுக்கும் "விரல் பட்டது" என்பதற்கும் நடுவில் அவன் விட்டுப்போன இடம் அப்படியே இருந்தது. ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம். எழுத வந்து, மனசு வராமல் அந்த இடத்தைத் தாண்டி எழுதியிருக்கிறான்.

வெறுங்கையால் அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். இடம் சரியாக இருந்தது.