பொடிசு பாலம் ஏறுகிறாள்

1

இந்தக் கதை ஓர் அறிவியல் கட்டுரையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. படித்து முடித்ததும் என் மனைவியின் தங்கை நினைவுக்கு வந்தாள். இருவரும் இரட்டையர். என் மனைவி கொழுகொழுவென்று பிறந்தாள். பின்னால் வந்தவள் உள்ளங்கைக்குள் அடங்குவாள் போலிருந்தாளாம். வீட்டில் இன்றும் அவள் பொடிசுதான்.

நான் இதை எழுதத் தொடங்கியபோது பொடிசு நகரப் பேருந்து ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அதுவரை நடந்த இரண்டு ஓட்டுநர் தேர்வுகளிலும் மேம்பாலத்தின் அடியிலேயே வண்டியை நிறுத்திவிட்டாள். கை நடுங்கி, மூச்சு முட்டி, அதற்குமேல் நகர முடியவில்லை. இன்னொரு முறை தோற்றால் பயிற்சியிலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்ற நிலை.

2

முதல் தொடக்கம்: "தாயின் வயிற்றிலேயே அவளுடைய தோல்வி எழுதப்பட்டு..."

(அடித்துவிட்டேன். நான் கடவுளை நம்புகிறவன். அவர் அப்படி எழுதமாட்டார்.)

இரண்டாம் தொடக்கம், கட்டுரையின் துணையோடு: மூளையின் நரம்பணுக்கள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசுகின்றன. 'ஓடு' என்று உசுப்பும் செய்தி உண்டு. 'போதும், அடங்கு' என்று அமர்த்தும் செய்தியும் உண்டு. நஞ்சுக்கொடி வழியே போதிய உணவும் பிராணவாயுவும் கிடைக்காத சிசுவுக்கு அமர்த்தும் நரம்பணுக்கள் சரியாக வளராமல் போகலாம். பின்னாளில் பதற்றமும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம்.*

* வாய்ப்பு மட்டுமே. எடை குறைந்து பிறந்து, எந்தக் கலக்கமும் இல்லாமல் வாழ்கிறவர்கள் ஏராளம்.

3

இதையும் அந்தக் கட்டுரையையும் பொடிசிடம் படிக்கக் கொடுத்தேன். என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றிலேயே தன் பங்கையும் சேர்த்துத் தின்றவள் என்று பொடிசு அவளைக் கேலி செய்வது வழக்கம். என் மனைவியும் சிரிப்பாள், ஆனால் உள்ளுக்குள் அதை நம்பினாள். கொடி சமமாகப் பங்கிடவில்லை, அதில் யாருடைய குற்றமும் இல்லை என்று விளக்கினேன். மடித்த சட்டையையே மறுபடி மடித்தாள்.

பொடிசு தாளைத் திருப்பித் தந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதுல எலிதானே இருக்கு? நான் எங்க?"

ஆய்வு நடந்தது எலிகளிடம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"அந்த எலிக்கு இவளை மாதிரி ஒரு அக்கா இருந்தாளான்னு பாத்தாங்களா? பள்ளிக்கூடத்துல எனக்குப் படபடன்னு வந்தா, ஒண்ணும் கேக்காம முதுகைத் தடவிக்கிட்டே நிப்பா. அதையும் எழுதுங்க. இல்லன்னா என்னைக் கதையிலிருந்து எறக்கி விட்டுடுங்க."

"போடி" என்றாள் என் மனைவி.

4

தேர்வு அதிகாரியைக் கொடுமைக்காரராகப் படைத்திருந்தேன். கதைக்கு ஓர் எதிரி வேண்டுமே. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் 'பிரேக்'. ஆனால் நடந்தது வேறு. (நான் அங்கே இல்லை. பொடிசு சொன்னபடி எழுதுகிறேன்.)

மூன்றாம் தேர்விலும் பாலத்தடியில் கை நடுங்கியது. வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. பிரேக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"கத்துறவன் கத்தட்டும்மா. மூச்சு விட்டுட்டு எடு."

அவ்வளவுதான். நான் எழுதிவைத்திருந்த இரண்டு பக்க வில்லத்தனமும் வீணாய்ப் போனது. பொடிசு முதுகை இருக்கையில் அழுத்திச் சாய்ந்தாள். நடுக்கம் போகவில்லை. நடுங்கும் கையாலேயே முதல் கியரைப் போட்டாள். அந்தப் பெரிய வண்டி உறுமி, மெல்ல அசைந்து, ஏறியது. பாதி ஏற்றத்தில் நடுக்கம் தானாகவே விட்டுப்போனதாம். உச்சிக்கு வந்ததும், எதிரே ஒரு காக்கைகூட இல்லாதபோது, நீளமாக ஹாரன் அடித்தாள்.

தேவையில்லாத ஹாரனுக்கு பிரேக் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார். மற்றபடி, தேர்ச்சி.

5

அவளுக்குப் பயம் அடியோடு போய்விட்டது என்று முடிக்கலாம், அது பொய். பயம் வென்றுவிட்டது என்று முடிக்கலாம். அது பெரிய பொய். இப்போது அவள் தினமும் ஓட்டுகிறாள். சில நாள் பாலத்தடியில் ஒரு நொடி தயங்குகிறாள். பிறகு ஏறிவிடுகிறாள்.

அப்படி ஒரு நாள் அந்த வண்டியில் நீங்கள் இருக்கக்கூடும். வண்டி நிற்கும். பின்னிருக்கையில் ஒருவர், "என்னம்மா, தூங்கிட்டியா?" என்று கத்துவார். அவரிடம் நீங்கள் சொல்லப்போவதை எழுத இந்த இடத்தை விட்டுவைக்கிறேன்: