பார்க்க அழகான எண்

இணையத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை, மேய்கிறார்கள் என்பது டிசைனரின் கொள்கை. பத்து வருடமாக இணையதளம் வடிவமைக்கிறவன். கூட்டங்களில் அவன் இதைச் சொல்லும்போது எல்லாரும் பலமாகத் தலையாட்டுவார்கள். அந்த நேரத்தில் திரையில் இருக்கிற வாசகத்தை அவர்களில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

அவனுடைய முதலாளிக்கு அலுவலகத்தில் 'தொலைநோக்கு' என்று பெயர். வாய்க்கு வாய் அந்தச் சொல் வந்து விழும். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்றால்கூட "இதைத் தொலைநோக்கோட அணுகணும்" என்பார். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மருத்துவமனையின் வேலை வந்தது. குழந்தை ஏதாவது விஷப் பொருளை விழுங்கிவிட்டால் பெற்றவர்கள் உடனே கூப்பிட வேண்டிய உதவி எண், அதைச் சுற்றி நாலைந்து பக்கம். மருத்துவமனையிலிருந்து எண்ணும் எழுத்தும் வந்து சேர்வதற்குள் மாதிரியைக் காட்டியாக வேண்டும். உண்மையான சமாச்சாரம் வரும்வரை எதையாவது போட்டு இடத்தை நிரப்பி வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். டிசைனர் பத்துப் பூஜ்யம் போட்டான். முட்டை அடுக்கியது போலிருந்தது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை இரண்டே எண்கள். தன்னுடையதில் ஒன்றும் ஏழுமாகக் குச்சி குச்சியாய் நின்றன. அக்காவுடையதோ எட்டும் மூன்றும் ஆறுமாய் உருண்டு திரண்டு, அந்த எழுத்துருவில் அமர்க்களமாக உட்கார்ந்தது. மதியக் கூட்டம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று விட்டான்.

கூட்டத்தில் தொலைநோக்கு கண்ணை மூடித் திறந்தார். "அந்த நம்பரப் பாருங்க. ஒரு தாய்க்கு நம்பிக்கை குடுக்கிற நம்பர். அதத் தொடாதீங்க."

யாரும் தொடவில்லை. ஒன்பது பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். நீலம் இன்னும் கொஞ்சம் மனிதாபிமானத்தோடு இருக்கட்டும் என்றார் ஒருவர். தன் புகைப்படம் சின்னதாக இருக்கிறது என்றார் மருத்துவமனை நிர்வாகி. படம் பெரிதானது. தளம் வெளியான மூன்றாம் வாரமே 'வாசிக்க எளிமையான தளம்' என்ற விருதுக்குத் தேர்வாகிவிட்டது. புதன்கிழமை மேடை.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்காவும் அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அக்கா ஒரு தையல் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள்.

"எனக்கு வேற நம்பர் வாங்கிக் குடுடா," என்றாள். "இதுக்கு ஏதோ பீடை பிடிச்சிருக்கு. மூணு வாரமா ஒரே நச்சரிப்பு."

"யாரு?"

"யாரு கண்டா? எல்லாம் ராங் நம்பர். எடுத்தா அழுகை. ஒருத்தன் கொசு மருந்து உள்ள போயிடுச்சு, என்ன பண்றதுங்கிறான். என்னப் பாத்தா வைத்தியச்சி மாதிரியா இருக்கு? வியாழக்கிழமை ஒரு பொண்ணு. புள்ள பாத்ரூம் கழுவுற ஆசிட்டக் குடிச்சிட்டான், டாக்டர்கிட்ட குடுங்கன்னு கத்துறா. சூப்பர்வைசர் தலைமேல நிக்கிறான், மெஷின் சத்தம் வேற. இது தையல் கம்பெனிம்மான்னு சொல்லி வெச்சுட்டேன். திரும்பத் திரும்ப அடிச்சா. பிளாக் பண்ணிட்டேன்."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான்.

"எங்கடா ஓடுற? சாப்பாடு பிடிக்கலேன்னா வாயத் திறந்து சொல்லேன்!"

எச்சில் கையோடு மடிக்கணினியைத் திறந்தான். திரையின் நட்டநடுவில், பெரிய எழுத்தில், சுற்றிலும் தாராளமான வெற்றிடத்தோடு அக்காவின் எண். அவன் செய்த பக்கங்களிலேயே அழகான பக்கம் அது. பழைய மின்னஞ்சல்களைத் துழாவினான். மருத்துவமனையின் டாக்டரம்மா சரியான எண்ணை இரண்டு மாதத்துக்கு முன்பே அனுப்பியிருந்தார், இணைப்பின் மூன்றாம் பக்கத்தில். அதற்கு அவன் போட்ட பதிலும் கீழேயே இருந்தது: 'படித்தேன். அருமை.'

எண்ணை மாற்ற நாற்பது விநாடி ஆயிற்று.

பிறகு தொலைநோக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் சார்."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"அந்தக் குழந்தை சார்..."

"உனக்குத் தெரிஞ்ச குழந்தையா? இல்லல்ல? பாருப்பா, அந்தம்மா வேற நம்பரத் தேடிப் பிடிச்சிருப்பாங்க. ஜனங்க புத்திசாலிங்க. நீ போன் கீன் பண்ணி வைக்காத. புதன்கிழமை வரைக்கும் வாயத் திறக்காம இரு, உன்னையும் மேடையேத்துறேன்."

மக்களுக்கு நாலு வார்த்தைக்கு மேல் புரியாது என்று சொல்லியே வாடிக்கையாளர்களைப் பிடிக்கிறவர் அவர். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஜனங்கள் புத்திசாலிகளாகிவிட்டார்கள்.

கையில் காய்ந்த பருக்கையோடு டிசைனர் உட்கார்ந்திருந்தான். வாயை மூடிக்கொண்டால் விஷயம் இத்தோடு முடிந்தது. அக்காவுக்கு ஒரு புது எண் வாங்கிக் கொடுத்துவிடலாம். அவளுக்கு ஒன்றும் தெரியவராது. சொன்னாலோ, வியாழக்கிழமை தான் யாருடைய அழைப்பைத் துண்டித்தோம் என்பது அவள் நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் கிடக்கும். ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது ஞாபகம் வந்தால் கட்டின மூட்டையை அவிழ்த்துத் தேடுகிறவள் அவள். ஆனால் அந்தப் பெண்ணின் எண் அவளுடைய போனில்தான் இருக்கிறது.

சொன்னான். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எத்தன பேரு பாத்து அனுப்புனீங்க?"

"ஒன்பது பேரு."

"ஒன்பது பேரு!" என்றாள். "ஒருத்தர்கூட அந்த நம்பர அடிச்சுப் பாக்கலையா?"

அவன் கை நீட்டினான். அக்கா போனைக் கொடுக்கவில்லை. "வெச்சது நான். நானே பேசுறேன்." அவளுடைய போனில் காதுப் பக்கம் பழுது. ஒலிபெருக்கியில்தான் பேச முடியும்.

ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். தேய்ந்துபோன ஒரு பெண்குரல்.

"வியாழக்கிழமை இந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்கம்மா," என்றாள் அக்கா. "தையல் கம்பெனின்னு சொல்லி வெச்சது நான்தான். புள்ள எப்படி இருக்கான்?"



"இருக்கான். பேச்சு இல்ல. வயித்துல குழாய் வெச்சுப் பால் விடுறாங்க. நீங்க வெச்சதும் பக்கத்து வீட்டுக்காரங்க உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைன்னாங்க. குடுத்தேன். உள்ள போகும்போது வெந்தது, திரும்பி வரும்போது இன்னும் வெந்துபோச்சாம். வாந்தி எடுக்க வைக்கவே கூடாதாம். அத ஒரு வரி அதுல எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

எழுதியிருந்தது. டாக்டரம்மா அதைத்தான் முதல் வரியாக அனுப்பியிருந்தார். பக்கம் மூச்சு முட்டுகிறது என்று, அவர் எழுதியது அத்தனையையும் படிக்காமலே அள்ளி, 'மேலும் அறிய' என்ற பொத்தானுக்குப் பின்னால் போட்டவன் டிசைனர்தான்.

"எழுதியிருக்கும்மா," என்றான். "ஒரு பட்டன அழுத்துனா வரும்."

"நீங்க யாரு?"

"அந்தப் பக்கத்தச் செஞ்சவன். எங்க அக்கா நம்பர அதுல போட்டதும் நான்தான்."

"பட்டனா? அப்படி ஒண்ணும் இல்லையே. எத்தன தடவ பாத்தேன்."

"சாம்பல் கலர்ல... சின்னதா இருக்கும்."

வசவு வரும் என்று காத்திருந்தான். வந்தால் தேவலை போலிருந்தது. அந்தப் பக்கம் தள்ளுவண்டி ஒன்று கடகடத்துக்கொண்டு போனது.

"பெரியாஸ்பத்திரி, மூணாவது மாடி, குழந்தைங்க வார்டு," என்றாள் அந்தப் பெண். "அஞ்சு மணி வரைக்கும் உள்ள விடுவாங்க. வந்து இத என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. பதட்டத்துல நான்தான் நம்பரத் தப்பா அடிச்சுட்டேன்னு மூணு நாளா அவரு என் மூஞ்சியப் பாக்கல. கொஞ்ச நேரம் முன்னாடிதான் அந்தப் பக்கத்தத் திறந்து பாத்தாரு. சரியான நம்பர்தானே இருக்கு, உனக்குத்தான் கண் தெரியலேன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு."

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

நாற்பது விநாடி வேலை. அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே சாட்சியை அவன் அழகாக அழித்துவிட்டிருந்தான். அவள் சொன்னது உண்மை என்பதற்கு இனி மிச்சம் இருந்தது அவன் வாய் ஒன்றுதான். புதன்கிழமை வரைக்கும் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்ட வாய்.

மணி மூன்றே முக்கால். ஒன்பது பேரும் ஒப்புதல் கொடுத்த பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, தெருமுனைக் கடையில் அச்செடுத்துக்கொள்ளலாம் என்று மடிக்கணினியைப் பையில் வைத்தான். தொலைநோக்கின் பெயர் அந்த ஒப்புதல் பட்டியலில் முதலில் இருந்தது. அக்கா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அங்க வந்து டிசைன் கிசைன்னு இழுக்காத," என்றாள். "நம்பர நான்தான் போட்டேன்னு சொல்லு. அந்தாளு அடிச்சா வாங்கிக்க."