கப்பல்காரர் நடை

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. பல் மருத்துவரின் அறைக்கு வெளியே, பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியாம். வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று நான் வாயை விட்டதும், வலியை மறக்கவோ என்னவோ, சொல்ல ஆரம்பித்தார். ஓர் அப்பா, ஒரு மகள், உயரமான ஒரு மலை. கழுத்துக்குக் கத்தி வந்த இடத்தில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். காத்திருந்தேன். வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பஞ்சைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

தொடர்கதை எழுதுகிறவனுக்கே 'தொடரும்' போட்ட மனிதர் அவர்.

2

முதல் வரி: பனி போர்த்திய சிகரம் பொன்னாய் மின்ன, அவள் தன் தந்தையின் கரம் பற்றி

அடித்துவிட்டேன். அந்த உயரத்தில் மூச்சைப் பிடிக்கவே நேரம் போதாது. கரத்தை எங்கே பற்றுவது?

அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடும் தளத்திலேயே காலம் போனதால் தரையிலும் ஆடித்தான் நடப்பார். அவர் தெருமுனையில் தெரிந்தாலே மகளின் சித்தி, "அக்கா, அத்தான் கரை ஒதுங்கிட்டாரு" என்று குரல் கொடுப்பாள். (சித்தி என் கற்பனை. ஆனால் இப்படி ஒரு சித்தி எல்லா வீட்டிலும் உண்டு.)

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். அட்டையில் உள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்துவிட்டு வந்து ஒப்பிக்கும் லாரி டிரைவர்களைக் குரலிலேயே பிடித்துவிடுவாள். (இதுவும் கற்பனைதான். பின்னால் தேவைப்படும்.)

3

மலையின் கடைசிக் குடில். வெயில் ஏறிவிட்டது. உச்சியில் மேகம் திரள்கிறது. இப்போதே கிளம்பினால் உச்சி, இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான்.

வழிகாட்டி தரையில் ஒரு கயிற்றை நேராகப் போட்டு, அப்பாவை அதன்மேல் நடக்கச் சொன்னார். காற்று குறைந்த உயரத்தில் சிலருக்கு மூளை வீங்கும். முதலில் நடை தள்ளாடும். அதற்குப் பிறகும் மேலே போகிறவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டும், பெரும்பாலும் பிணமாக.

அப்பா நடந்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். வழிகாட்டி மகளைப் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தான் நடப்பாராம்மா?"

இந்த இடத்தில்தான் அவரைப் பல் பிடுங்கக் கூப்பிட்டார்கள்.

4

இனி எல்லாம் என் சரக்கு.

முடிவு ஒன்று: 'ஆமாம்' என்கிறாள். உச்சியில் அப்பா கையை விரித்து நிற்க (என் பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். அவர் எப்படி இறங்கினார் என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: 'இல்லை' என்கிறாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு

இதுவும் வேண்டாம். இந்த மகளை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. தொழிலே சோதிப்பது. அவள் எடுத்த எடுப்பில் பதில் சொல்வாளா?

5

அப்பா ஆடுவார், அவர் கையிலிருக்கும் கோப்பை ஆடாது. புயலிலும் அடுப்படியிலிருந்து மேல்தளத்துக்குத் தேநீர் சுமந்தவர். வீட்டிலும் விளிம்பு வரை ஊற்றித்தான் கொண்டுவருவார், ஒரு சொட்டு சிந்தாது. அதில் அவருக்குக் கர்வம்.

மகள் பிளாஸ்கைத் திறந்து, கோப்பையில் விளிம்பு தளும்ப வெந்நீர் ஊற்றி அப்பாவிடம் கொடுத்தாள். சிந்தினால் இறங்கிவிடுவோம் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, கயிற்றின் மறுமுனைக்குப் போய் நின்றாள்.

"கொண்டு வாங்கப்பா."

"என்னையே சோதிக்கிறியா?"

"ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். உங்க நடையச் சோதிக்கக் கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. "வாழ்க்கை பூரா கடல் மட்டத்துலயே இருந்துட்டேன் பாப்பா. ஒரு தடவை மேல நின்னு பாக்கணும்."

வழிகாட்டி மேகத்தைப் பார்க்கத் திரும்பினார். அந்த நொடியில் அப்பா கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வாய் குடித்துவிட்டார். மகள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பிறகு நடந்தார். சாய்ந்தார், நிமிர்ந்தார், சாய்ந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

வழிகாட்டி குனிந்து தரையைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"சிந்தலையே. அப்ப எப்பவும் உள்ள நடைதான். கிளம்பலாமாம்மா?"

6

கோப்பை இப்போது மகள் கையில். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவள் அதை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். அப்பா கண்ணால் கெஞ்சுகிறார். மேகம் இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

மூன்றாவது முடிவு ஒன்றும் என்னிடம் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இனி நானும் வாயில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

அவர் குடித்ததைப் பார்த்தது அவளும் நீங்களும்தான். அவளுக்கு வாய் வரவில்லை. வழிகாட்டி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, உங்கள் பக்கம் திரும்பி நிற்கிறார்.