இல்லை என்று எழுதப்பட்ட வண்டி

இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதத்தில் நிறம் ‘பச்சை’ என்று தவறாக அச்சாகி வந்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி ஆவதற்குள் செவிலியம்மாவின் சிவப்புக் கார் பச்சையாகிவிட்டது. முதலில் பின்கதவு, பிறகு கூரை, கடைசியாக முன்பக்கம். கடிதத்தைக் கொண்டுவந்து பெட்டியில் போட்ட தபால்காரர் அதை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர். பெயின்ட் வாசனை எதுவும் வரவில்லை என்றும், இடது கதவில் இருந்த நெளிசல் போகவில்லை, அதுவும் சேர்ந்து பச்சையானது என்றும் கேட்டவர்களிடம் சொன்னார். பிறகு அடுத்த வீட்டுக் கடிதங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று தெரு பாக்கி இருந்தது.

செவிலியம்மா இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவள். காரின் பின்பக்கத்தில் குழந்தையை நிறுக்கும் தராசு, துண்டு மூட்டை, ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், தன் பசிக்கென்று ஒரு டப்பா பிஸ்கட் எப்போதும் இருக்கும். நாற்பத்தாறாம் நம்பர் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளும் கணவரும் குடியிருந்தார்கள். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மருந்துச் சீட்டு, பாடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படிப்பார். ஓட்டலில் உட்கார்ந்தால் சாப்பாடு வருவதற்குள் விலைப்பட்டியலில் நாலு திருத்தம் போட்டுவிடுவார். தெருவில் அவரை ‘கமா’ என்பார்கள். முகத்துக்கு நேராக ‘கமா சார்’.

அன்று மாலை அவர் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு மனைவிக்காகக் காத்திருந்தார்.

“நம்ம வண்டி சிவப்பு. இவங்க பச்சைன்னு போட்டிருக்காங்க.”

“போட்டா போட்டுட்டுப் போகட்டும். இப்ப பச்சையாத்தானே நிக்குது? எனக்கு அந்தக் கலர் புடிச்சிருக்குங்க.”

“அதுக்கில்லம்மா. தப்பு தப்புதானே.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தத் தெருவில் வண்டியை நிறுத்திவைக்க நகராட்சி கொடுத்திருந்த பார்க்கிங் பெர்மிட்டில் வண்டி சிவப்பு. மறுநாள் காலையே சீட்டுக்காரர் வந்தார். தெருத்தெருவாகப் போய்ப் பெர்மிட் இல்லாத வண்டிகளின் வைப்பரில் அபராதச் சீட்டு சொருகுவது அவர் உத்தியோகம். கையிலிருந்த மிஷினை வண்டிக்கு நேரே பிடித்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஒரு சீட்டைக் கிழித்தார். “என் சின்னவன் உங்க கையில பொறந்தவன்மா. எனக்குத் தெரியாதா இது உங்க வண்டின்னு? மிஷின் ஒத்துக்க மாட்டேங்குதே” என்று வருத்தப்பட்டுக்கொண்டே சொருகினார்.

ஆகவே கமா சார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். தொலைபேசியிலும் பிடித்தார். நாற்பது நிமிஷம் ஒரே பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு ஒரு பெண் வந்து, சரி செய்துவிடுகிறோம் என்றாள். மூன்றாவது வாரம் திருத்திய கடிதம் வந்தது. நிறம் சிவப்பு என்று சரியாகவே இருந்தது. தபால்காரர் உறையைப் பெட்டிக்குள் நுழைக்கும்போதே வண்டி சிவக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இந்த முறை இருக்கைகள் என்ற இடத்தில், ஐந்துக்குப் பதிலாக ஒன்பது என்று இருந்தது.

மறுநாள் செவிலியம்மா கதவைத் திறந்தபோது உள்ளே மூன்று வரிசையில் ஒன்பது இருக்கைகள் இருந்தன. எல்லாம் பழைய இருக்கையின் அதே சாம்பல் நிறத் துணி, அதே மாதிரி ஓரத்தில் தேய்ந்தது. வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள். வண்டி ஒரு விரற்கடைகூட நீளவில்லை. அவளுக்கு இது மிகவும் சௌகரியமாகப் போயிற்று. வலி எடுத்த பெண் எங்கேயும் தனியாக வருவதில்லை. அம்மா, மாமியார், கணவன், கணவனைத் தைரியப்படுத்த அவன் அண்ணன், வீட்டில் விட ஆளில்லாத மூத்த குழந்தை என்று ஒரு படையே வரும். இத்தனை நாள் அவர்களில் யாரை விடுவது என்று வாசலில் நின்று பஞ்சாயத்து பண்ணியவள், இப்போது “எல்லாரும் ஏறுங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்தாள்.

வினை அந்த மாதக் கடைசியில் வந்தது. பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கமா சார் நகராட்சிக்குப் போனார். டோக்கன் எண்பத்து மூன்று, ஆறாவது கவுண்டர். அங்கிருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். அதை எடுத்து மாட்டிக்கொண்டு இன்சூரன்ஸ் கடிதத்தைப் பார்த்தாள்.

“ஒன்பது சீட்டுன்னா வேன் சார். வாடகை வண்டிக் கணக்கு. குடியிருக்கிற தெருவுல பெர்மிட் கிடையாது.”

“கார்தாங்க அது. வந்து வேணா பாருங்க.”

“பேப்பர்ல ஒன்பதுன்னு இருக்கே?”

“அது அச்சுப்பிழை.”

“அப்ப வண்டிக்குள்ள எத்தனை இருக்கு?”

கமா சாருக்குப் பொய் வராது. “ஒன்பது” என்றார்.

“அப்புறம் என்ன பிழை? சரியாத்தானே இருக்கு” என்று அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் நகராட்சிக்கு நேர் எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போனார். இருக்கைக் கணக்கைத் திருத்தலாம், தாராளமாகத் திருத்தலாம், ஆனால் வண்டி எந்த முகவரியில் நிற்கிறது என்பதற்குச் சாட்சியாக நடப்புப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். இந்தப் பக்கம் வந்தார். திருத்திய இன்சூரன்ஸ் வந்தால்தான் பெர்மிட் என்றார்கள். அன்றைக்கு மட்டும் ஏழு தடவை ரோட்டைக் கடந்தார். ஏழாவது தடவை சிக்னலில் நின்றிருந்த பஸ் டிரைவரே அவரைப் பார்த்து, “இன்னும் முடியலையா சார்?” என்று கேட்டார்.

பெர்மிட் காலாவதியானது. செவிலியம்மா வண்டியைப் பாலத்துக்கு அப்பால், காய்கறி மார்க்கெட்டின் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்து நல்ல நடையில் இருபத்தைந்து நிமிஷம். பையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடி, வண்டியை எடுத்து, திரும்ப இதே பக்கம் வரவேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் எலெக்ட்ரீஷியன் மனைவிக்கு வலி எடுத்து ஆள் வந்தது. செவிலியம்மா போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, அந்தப் பெண்ணின் தங்கை அதைப் போர்வையில் சுருட்டி வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். எப்படியோ தானாக அவிழ்ந்ததாம். இரண்டு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செவிலியம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கமா சார் காபி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லபடியா முடிஞ்சுதுங்க. முடியாமப் போயிருந்தா?”

அவர் காபியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நீங்க அந்தப் பச்சையை அப்படியே விட்டிருக்கலாம்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அன்று மாலை உட்கார்ந்து அவர் கடைசிக் கடிதத்தை எழுதினார். பதினொரு பக்கம். வண்டி எப்போது என்ன நிறத்தில் இருந்தது, எந்தத் தேதியில் எத்தனை இருக்கை, எந்தத் தாளில் எந்த வரி தவறு, எல்லாம் இருந்தது. கம்பெனியின் பழைய கடிதங்களைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி, நகலும் சேர்த்தார். நகராட்சிக்கு ஒரு படி போயிற்று. கம்பெனியில் அதை மூன்று பேர் படித்ததாகவும், ஒருவர் பாதியில் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டதாகவும் பிற்பாடு தெரிந்தது. ஐந்து இருக்கைச் சிவப்பு, ஐந்து இருக்கைப் பச்சை, ஒன்பது இருக்கைச் சிவப்பு என்று மூன்று வண்டிகளைத் தேடி, எதுவும் இன்னொன்றோடு ஒத்துவராமல், கடைசியில் அவர்கள் ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள்: ‘தாங்கள் குறிப்பிடும் வாகனம் இல்லை.’

அந்தக் கடிதத்தைத் தபால்காரர் பெட்டியில் போட்டது ஒரு வியாழக்கிழமை, பத்தேகால் மணி. அந்த நேரத்தில் செவிலியம்மா பேக்கரிக்காரரின் மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை குறுக்கே திரும்பியிருக்குமோ என்று செவிலியம்மாவுக்கு ஒரு சந்தேகம். வண்டியில் அவளையும் சேர்த்து ஏழு பேர். கடைவீதி திருப்பத்தில் முன்பக்கம் மறைந்தது, பிறகு கதவுகள், பிறகு கூரை. ஏழு பேரும் மூன்று வரிசையாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் உட்கார்ந்தபடி, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். என்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செவிலியம்மா ஒரு கணம் கீழே ஓடும் ரோட்டைப் பார்த்தாள். கைக்குள் ஸ்டீயரிங் தட்டுப்பட்டது, காலுக்கடியில் பிரேக் தட்டுப்பட்டது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கியரை மாற்றினாள்.

“ஏம்மா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்திவிடேன். காத்து மூஞ்சியில அடிக்குது” என்றாள் பின்வரிசையிலிருந்த மாமியார்.

செவிலியம்மா ஒரு கையால் அந்தரத்தில் பொத்தானைத் தேடி அழுத்தினாள். காற்று நின்றது.

பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. அதற்குமேல் குழந்தை பொறுக்கவில்லை. செவிலியம்மா ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, நடுவரிசைக்கு வந்தாள். நடைபாதையில் போனவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு முதுகைத் திருப்பி நின்றார்கள். இரண்டு பெண்கள் குடையை விரித்துப் பிடித்தார்கள். பழக்கடைக்காரர் தன் தார்ப்பாயை அவிழ்த்துக் கொண்டுவந்தார். “இன்னும் ஒரு தடவை, கண்ணு. தலை தெரியுது பாரு. அழுதுட்டே தள்ளு, பரவாயில்ல” என்ற குரல் தார்ப்பாய்க்கு உள்ளேயிருந்து கேட்டது. குறுக்கே எதுவும் திரும்பியிருக்கவில்லை. பெண் குழந்தை. அந்தரத்தில் தொங்கிய தராசில் மூன்று கிலோ இருநூறு காட்டியது. சிக்னலில் நின்ற வண்டிகள் பச்சை விழுந்தும் நகராமல் ஹாரன் அடித்துக் கொண்டாடின. அப்பன்காரன் மட்டும் மயங்கிப் பின்னிருக்கையில் சாய்ந்தான். விழாமல் தாங்குவதற்கு இருக்கை இருந்தது.

பிறப்பைப் பதிவு செய்யும் இடத்தில் எங்கே பிறந்தது என்று கேட்டார்கள். வண்டியில் என்று செவிலியம்மா சொன்னாள். வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வண்டி இல்லையே என்றார் குமாஸ்தா. கொஞ்ச நேரம் யோசித்து, ‘வழியில்’ என்று எழுதிக்கொண்டார்.

அன்று மதியம் ஒரு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது கமா சார் கடிதத்தோடு வாசலில் நின்றிருந்தார். மனைவி தெருமுனையில் உட்கார்ந்த வாக்கில் வருவதையும், பின்னால் திரும்பிப் பார்த்து நாற்பத்தாறாம் நம்பருக்கு எதிரே அழகாக ரிவர்ஸ் எடுப்பதையும் பார்த்தார். அவள் இறங்கி, காற்றைத் தள்ளினாள். கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. அவர் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். முன்பக்கம் சூடாக இருந்தது. இடது கதவில் நெளிசலும் இருந்தது.

“என்ன எழுதியிருக்காங்க?” என்று கேட்டாள்.

“வண்டி இல்லையாம்.”

“இல்லாத வண்டிக்குப் பெர்மிட் வேணுமா?”

அவர் யோசித்தார். “வேண்டியதில்ல” என்றார். குரலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிட்டது.

கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில், ‘இதில் பிழை ஏதும் இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கவும்’ என்று இருந்தது. அந்தப் பதினான்கு நாளும் கமா சார் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கடிதம் மேசையிலேயே கிடந்தது. தினமும் காலையில் சிவப்புப் பென்சிலைச் சீவுவார், கடிதத்துக்கு எதிரே உட்காருவார். பாலத்துக்கு அப்பால் மார்க்கெட்டின் பின்பக்கம் வரை மனைவி பையோடு ஓடிய அந்த இருபத்தைந்து நிமிஷ நடை நினைவுக்கு வரும். எழுந்துவிடுவார். பதினான்காம் நாள் செவிலியம்மா இரட்டைக் குழந்தைப் பிரசவம் ஒன்றுக்குப் போயிருந்தாள். மணி ஐந்தடித்து, எதிரெதிர் ஆபீஸ்கள் இரண்டும் சாத்தும் வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து, மேசையின் ஆடும் காலுக்கு அடியில் வைத்தார். தெரிந்தே விட்ட முதல் பிழை அது. அன்றிரவு நன்றாகத் தூங்கினார் என்று செவிலியம்மா சொன்னாள். குறட்டைகூட வந்ததாம்.

சீட்டுக்காரர் வந்து மிஷினைக் காலி இடத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. கையால் துழாவி வைப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நான் எதையும் பாக்கலைம்மா. சத்தியமாவே பாக்கல” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் செவிலியம்மா அந்த வண்டியில்தான் போய் வந்தாள். அவள் கையில் எண்ணூற்றுச் சொச்சம் குழந்தைகள் பிறந்தன. ஒரு நாளும் எங்கேயும் இடித்ததில்லை. முன்னைவிட மெதுவாகத்தான் ஓட்டினாள். பெட்ரோல் போடும் பையன்கள் எந்த உயரத்தில் குழாயைச் சொருக வேண்டும் என்று பழகிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளும் கமா சாரும் வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து வண்டியைக் கழுவும்போது, நுரை இருக்கும்வரை முழு வண்டியும் தெரியும். மழை பெய்தால் அதற்குக் கீழே ஒரு கார் அளவுக்கு ரோடு உலர்ந்து கிடக்கும், பூனைகள் அங்கே ஒதுங்கும். நகராட்சி ஆட்கள் வெள்ளைக் கோடு போட வந்தபோது, அந்த இடத்தைச் சரியாக ஒரு வண்டி அளவு விட்டுத்தான் கோடு போட்டார்கள்.

சென்ற மாதம் ஐம்பதாம் நம்பருக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. சாமான் ஏற்றிய லாரி, தெருவில் காலியாக இருந்த ஒரே இடத்தைப் பார்த்துப் பின்னால் வரத் தொடங்கியது. ஏதோ ஒரு மாடியிலிருந்து ஒரு பெண்குரல், “பாத்துங்க, பாத்து! பின்னாடி வண்டி நிக்குதுல்ல!” என்று கத்தியது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். பூனை ஒன்று ரோட்டுக்கு மேலே நாலடி உயரத்தில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. “கவனிக்கலைங்க” என்று சொல்லிவிட்டு அவர் லாரியை ஆறு வீடு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். கட்டிலையும் பீரோவையும் அங்கிருந்தே ஆட்கள் தூக்கி வந்தார்கள். அந்த இடம் வந்ததும் ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.