ரம்பம் என்றொரு பாம்பு

பாம்பைப் போட்டுவைக்கிற துணிப்பை தைப்பது லேசுப்பட்ட வேலை என்று யாராவது சொன்னால் தையல்காரிக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். உள்பக்கம் ஒரு நூல் பிசிறு இருக்கக் கூடாது, பல்லில் சிக்கிக்கொள்ளும். மூலைகளை மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். மூக்கு நுழைய இடம் கிடைத்தால் போதும், மிச்சத்தைப் பாம்பு பார்த்துக்கொள்ளும். பாம்புக் காப்பகத்து டாக்டர் இந்த வேலையைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது மற்ற கடைக்காரர்கள் எல்லாம் பாம்பாவது பையாவது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். இவள் ஒருத்திதான் அளவு கேட்டாள்.

அன்றைக்குப் பைகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"சார், ஒரு பாம்பைப் பத்திக் கேக்கணும். ரொம்ப வருஷம் முன்னாடி நான் இருந்த வீட்ல ஒண்ணு வளர்த்தாங்க. அது என்ன பாம்புன்னே யாருக்கும் தெரியல."

டாக்டர் ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் இப்படித்தாம்மா கேப்பாங்க. பழுப்பா இருந்துச்சு சார், பேரு சொல்லுங்கம்பாங்க. பாதிப் பாம்பு பழுப்புதான். வேற ஏதாவது அடையாளம் இருந்தாச் சொல்லுங்க."

"பென்சில் தடிமன்தான் இருக்கும். முதுகுல விரியன் மாதிரியே கட்டம் கட்டமா இருக்கும். கோவம் வந்தா உடம்பை உடம்போடயே தேச்சுக்கும், மரம் அறுக்கிற மாதிரி சத்தம் வரும். அதனால ரம்பம்னே பேரு வெச்சாங்க. வாயைத் திறந்தா உள்ள கன்னங்கரேல்னு இருக்கும். ஒருநாள் வீட்டுக்காரர் இல்லாதப்போ தண்ணி வைக்கப்போன என் கையில ஒரே போடா போட்டுச்சு. உசிரே போச்சுன்னு நெனச்சேன். பார்த்தா ஒரு கீறல்கூட இல்ல."

டாக்டர் பையைக் கீழே வைத்தார். "என்ன தின்னுச்சு?"

"அதுதான் சார் அதிசயம். ஒண்ணுமே தின்னாது. எலிக்குஞ்சு போட்டா அது மேலயே ஏறிப் போகும். ஆனா வத்தவே இல்ல. காத்தைக் குடிச்சே வாழுதுன்னு வீட்ல எல்லாரும் சொல்வாங்க."

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் இவள் ஏன் வாசலிலிருந்து திரும்பி வந்தாள் என்பது விளங்கும்.

அவளுடைய மாமனார் கேனரிக் குருவி வளர்த்து விற்கிறவர். மஞ்சள் மஞ்சளாக, காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை பாடுகிற குருவிகள். மாடியில் ஓர் அறை முழுக்கக் கூண்டு. தானியம் வைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் மருமகள் தலையில். சாவியும் அவள் இடுப்பில். மாடியிலேயே மூலையில் கொக்கி போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் ரம்பம் இருந்தது. அது அவள் புருஷன் எங்கிருந்தோ வாங்கிவந்த செல்லம். அவனுக்குக் கண்ணாடி வெட்டுகிற தொழில்; பெட்டியைத் தானே செய்து, தானே கழுவி, ஒரு சுட்டுவிரலைக்கூட வேறு யாரும் அதன்மேல் வைக்க விடமாட்டான்.

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அந்தச் சமயம் பார்த்துக் குருவிக்கூட்டில் முட்டை காணாமல்போக ஆரம்பித்தது. முந்தின நாள் இருந்த முட்டை மறுநாள் இருக்காது. ஓடு கிடக்காது, ஒரு சிதறல் இருக்காது. எலியும் இல்லை, எறும்பும் இல்லை. சாவி யாரிடம்? அவ்வளவுதான், மாமியாருக்கு வேறென்ன வேண்டும்!

"தன் வயிறு திறக்கலன்னு வாயில்லா ஜீவன் வயித்துல கைய வைக்கிறா," என்றாள் மாமியார். சாப்பிட உட்கார்ந்த இடத்தில், எல்லார் முன்னாலும்.

அப்போது புருஷன்தான் அவளுக்காகப் பேசினான். பேசினான் என்றுதான் அவள் அன்றைக்கு நினைத்தாள். "அவளைத் திட்டாதீங்கம்மா. தெரிஞ்சு பண்ணல. ராத்திரி எந்திரிச்சுப் போறா. கண்ணு தொறந்திருக்கு, ஆனா தூக்கத்துலதான் இருக்கா. நானே ரெண்டு தடவை பார்த்தேன்."

உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வரட்டும் என்று அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூப்பிட ஒருவரும் வரவில்லை. விவாகரத்துத்தான் வந்தது. இவ்வளவுக்கும் அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. பொறாமைக்காரி என்று சொல்லாமல் நோயாளி என்று சொன்னானே, அந்த மட்டும் நல்ல மனுஷன் என்று இருபத்தைந்து வருஷம் நன்றியோடு இருந்தாள், பைத்தியக்காரி!

அவள் பயந்தது தன்னைப் பார்த்துத்தான். தூங்கும்போது என் கை என்ன செய்கிறது? அண்ணி பெற்ற குழந்தையை அவள் ஒருநாளும் தூக்கியதில்லை. தனியறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ராத்திரி படுக்கும்போது துணிப்பட்டை ஒன்றால் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டிக்கொள்வாள். இப்போது அதே அண்ணன் மகளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. "அத்தை, நீ வந்து கூட இருந்தாத்தான் எனக்குத் தைரியம்," என்று அது தினமும் போன் செய்கிறது. இவளும் தினமும் ஒரு சாக்குச் சொல்கிறாள். பிள்ளை பிறந்த வீட்டில் இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? பாம்புப் பை தைக்கத் தொடங்கியதிலிருந்து அந்த மாடியும் அங்கிருந்த ரம்பமும் அவள் நினைப்பைவிட்டுப் போகவில்லை.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் படத்தைக் காட்டினார். "இதுவா?"

அதே கட்டம். அதே கறுத்த வாய்.

"இதேதான் சார்."

"காத்தைக் குடிச்செல்லாம் வாழலம்மா. இதுக்குப் பல்லே கிடையாதுன்னு சொல்லலாம். முட்டையைத் தவிர எதையும் தொடாது. அதுவும் நீங்க சொல்ற தடிமனுக்குக் கோழிமுட்டை, காடைமுட்டையெல்லாம் வாய்க்குள்ள போகாது. சின்னக் குருவி முட்டைதான் வேணும்."

"வெளிப்பக்கம் கொக்கி போட்ட பெட்டியில இருந்துச்சு. தானா வெளிய போய்க் குருவி முட்டையைத் தின்னுட்டு வந்திருக்குமா சார்?"

"வெளிய போகும். திரும்பி வந்து பெட்டிக்குள்ள உட்கார்ந்து, வெளிப்பக்கம் கொக்கியும் போட்டுக்குமா? யாரோ கையால கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க. இன்னொண்ணு, முட்டையை முழுங்கி உள்ளயே உடைச்சுக் குடிச்சிட்டு ஓட்டை மட்டும் நசுக்கித் துப்பிடும். பெட்டியைக் கழுவுறவங்க கண்ணுல அது படாம இருக்கவே இருக்காது. யாரு கழுவினாங்க?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் வெளியே வந்தாள். காப்பகத்தின் கேட்டைத் தாண்டியதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நடு ரோட்டில் நின்று வாய்விட்டுத் திட்டினாள். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அப்படியே அந்தப் பழைய ஊருக்குப் பஸ் ஏறினாள்.

கண்ணாடிக் கடையில் அவன் தலை நரைத்து உட்கார்ந்திருந்தான். அளவுகோலை வைத்து ஒரு கோடு கீறி, தட்டி, கண்ணாடியை இரண்டாக ஒடித்தான். நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ரம்பம் முட்டைதான் தின்னும்," என்றாள். "உங்களுக்குத் தெரியும்." வாய்ப் பழக்கத்தில் 'நீங்க' என்றே வந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அவன் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். வேறு யாரும் இல்லை. "இதைக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்த? உக்காரு."

"ராத்திரி எந்திரிச்சுப் போறேன்னு சொன்னீங்களே. பார்த்தீங்களா?"

"அப்போ ஏதோ ஒண்ணு சொல்ல வேண்டியிருந்துச்சு."

"நான் காலைக் கட்டிக்கிட்டுத் தூங்குறேன். இருபத்தஞ்சு வருஷமா. எங்கண்ணன் பிள்ளையைத் தூக்கினதில்ல நான்."

அவன் கண்ணாடித் தூளைத் துணியால் ஒற்றி எடுத்தான். பிறகு, நியாயத்தை எடுத்துச் சொல்கிறவன் மாதிரி நிதானமாகச் சொன்னான்: "அப்பா சமாச்சாரம் உனக்குத் தெரியும். குருவி முட்டையை ரம்பம் தின்னுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே அடிச்சுப் போட்டிருப்பார். உன்னை அனுப்பினா உனக்கு அண்ணன் வீடு இருந்துச்சு. அதுக்கு யாரு இருந்தா, சொல்லு?"

எதை எடுத்து அவன் மண்டையில் போடலாம் என்று பார்த்தாள். கடை முழுக்கக் கண்ணாடிதான் இருந்தது. அவள் கை எதையும் எடுக்கவில்லை. கேள்விதான் வந்தது.

"அப்புறம் அது என்னாச்சு?"

"செத்துப்போச்சு. நீ போன கொஞ்ச நாள்லயே."

"ஏன்? முட்டைக்கா பஞ்சம்?"

"எப்படி எடுக்கிறது?" என்றான் அவன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவன் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. "நீதான் போயிட்டியே. அப்புறம் ஒரு முட்டை குறைஞ்சாலும் அப்பா யாரைக் கேப்பார்? பட்டினி கிடந்தே போச்சு, பாவம்."

கண்ணாடித் தூள் படிந்த கையால் தொட முடியாமல், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளை வண்டியேற்றிவிட்ட அன்றைக்கு அந்தக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வந்ததாக அவளுக்கு நினைவில்லை.