ஜூன் மாத இதழ்

பழைய புத்தகக் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வாசலில் வந்து நின்றதைப் பார்த்து அவள் எழுந்து வந்தாள். சும்மா சிரிக்கிற மனிதர் இல்லை அவர்.

“அக்கா, கிடைச்சிருச்சு. அண்ணன் நாயா அலைஞ்சு தேடினாரே, அந்த ஜூன் மாசப் புத்தகம்.”

அவள் கணவர் ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரர். ரிங்கை விட்டு இறங்கிய பிறகு பழைய குத்துச்சண்டைப் பத்திரிகைகளைச் சேர்ப்பதே பிழைப்பாகிவிட்டது. எல்லாம் மாதவாரியாக, அட்டை கசங்காமல், உறைக்குள் இருக்கும். கண் மங்கியதால் மாலையில் அவள்தான் வாசித்துக் காட்டுவாள். வாங்கிய அடிகளில் மூளையும் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றபடி தங்கமான மனுஷன். காலையில் அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பது அவர்தான்.

ஜூன் இதழ் மட்டும் வேறு சங்கதி. கொக்கு என்ற நெட்டையனிடம் அவர் தோற்ற சண்டையின் படம் அதில் இருந்தது. முன்பு ஒருதரம் அதைப் பார்த்தபோது, அவர் கண்ணுக்கு அவளே கொக்காகிவிட்டாள். அன்று உடைந்த அவள் தாடை மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லை. “யாரும்மா உன்னை அடிச்சா?” என்று கேட்டுக் கேட்டு அழுதார். அவள் அந்த இதழைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். ஆனால் அலமாரியில் மே மாதத்துக்கும் ஜூலைக்கும் நடுவே விழுந்த சந்து அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

“அவர் தூங்கறாரு. குடுங்க, நானே குடுத்துடறேன்.”

“தூங்கலையே,” என்று உள்ளேயிருந்து வந்து நின்றார் கணவர்.

இதழ் கை மாறியது. “கொஞ்சம் இருங்களேன், டீ போடறேன்,” என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

“இன்னொரு நாள் வர்றேன்க்கா.” கடைக்காரர் சிரித்தபடியே போய்விட்டார். நல்லது செய்யப் போனவரை என்னவென்று திட்டுவது?

“குடுங்க, நான் வாசிக்கறேன்,” என்று கை நீட்டினாள்.

“இரும்மா. படத்தைப் பார்த்துடறேன்.”

பூதக்கண்ணாடி பக்கம் பக்கமாக நகர்ந்து, ஒரு படத்தின் மேல் நின்றது. அங்கேயே நின்றது.

பிறகு எழுந்தார். தோளைக் குலுக்கிக்கொண்டார். முகவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

“வாடா கொக்கு.”

“நான்தாங்க. என்னைப் பாருங்க.”

காதில் ஏறவில்லை. முதல் குத்து அவள் காதை உரசிக்கொண்டு சுவரில் இறங்கியது. காரை உதிர்ந்தது. விலகப் போனவள் கால் இடறித் தரையில் விழுந்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு பின்வாங்கி, அறையின் எதிர் மூலைக்குப் போய் நின்றுகொண்டார்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எத்தனை இதழ்களில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். எதிராளி விழுந்தால் அடித்தவன் மூலைக்குப் போக வேண்டும். நடுவர் பத்து எண்ணும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அதற்குள் விழுந்தவன் எழுந்துவிட்டால் சண்டை தொடரும்; எழாவிட்டால் அடித்தவன் ஜெயித்தான், சண்டை முடிந்தது.

எழுந்தால் தொலைந்தாள். எண்ணவோ அங்கே வேறு ஆள் இல்லை. கிடந்தபடியே ஆரம்பித்தாள்.

“ஒண்ணு... ரெண்டு...”

மூலையில் முஷ்டிகள் இறங்கவில்லை. எட்டில் அவளுக்குத் தைரியம் விட்டுப்போயிற்று. நிஜத்தில் இந்தச் சண்டையில் அவர் தோற்றவர் ஆயிற்றே. பத்து என்றால் நம்புவாரா, பாய்வாரா?

“ஒம்பது.” கண்ணை மூடிக்கொண்டாள். “பத்து.”

சத்தமே இல்லை. கண் திறந்தபோது அவர் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி நின்றிருந்தார். பொக்கை வாய் நிறையச் சிரிப்பு. மெதுவாக நடந்து வந்து, கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார்.

“நல்லா ஆடினே கொக்கு,” என்றார். “வெளியில எம் பொண்டாட்டி உக்காந்திருப்பா. ரொம்பப் பயப்படுவா. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவகிட்ட போய்ச் சொல்லிடறியா?”

“சொல்லிடறேன்,” என்றாள் அவள். கையை அவர் இன்னும் விடவில்லை.