வெள்ளைக் கால்சட்டையும் ஒரு பென்குயினும்

1

இந்தக் கதை ஒரு வெள்ளைக் கால்சட்டையில் பிறந்தது. அதை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. முதல் வரியை நாலு தடவை எழுதியாயிற்று:

கேப் டவுனுக்குத் தெற்கே, இரண்டு பக்கமும் கடல் உரச நீண்டு கிடக்கும் தீபகற்பத்தில் ஒரு...

வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக வேனில் மைக் பிடித்து நான் சொல்லும் வரி இது. இதைக் கேட்டதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நீங்களும் திரும்பிவிடக் கூடாது.

2

ருவைதாவும் என்னைப் போலச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவள். (ஓட்டியவள். அதற்கு வருகிறேன்.) நான் மேற்குக் கரையில் கடல்நாய்களையும், தெற்கு முனைப்பக்கம் பபூன் குரங்குகளையும் காட்டிவிட்டு வருவேன். அவள் கிழக்குக் கரையில் திமிங்கிலம் காட்டிவிட்டு வருவாள். பகல் ஒரு மணிக்கு சைமன்ஸ் டவுனில், பென்குயின் கரைக்கு மேலே இரண்டு வண்டியும் அருகருகே நிற்கும்.

"பூட்டா, உங்க குரங்குங்க இன்னிக்கு யார் சாப்பாட்டைத் தூக்கிச்சு?"

"ஒரு ஜெர்மன்காரரோடத. கதவைத் திறந்து ஏறி, உக்காந்து தின்னுட்டு எறங்கிப் போச்சு."

"உங்களைவிட நாகரிகமாத்தான் சாப்பிட்டிருக்கும்."

பூட்டா என்றால் அண்ணன். மனைவியை இழந்து ஒன்பது வருஷமான ஐம்பத்தெட்டு வயதுக்காரன், வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவளிடம் 'என்னைக் கட்டிக்கிறியா' என்று எந்த முகத்தோடு கேட்பான்?

[இங்கே என் வயதைக் கொஞ்சம் குறைத்திருந்தேன். அடித்துவிட்டேன். ருவைதாவுக்குத் தெரியும்.]

3

எங்கள் ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம். வெயிலுக்குப் பென்குயின்கள் வண்டிக்கடியில் வந்து ஒதுங்கும். ஆளேற்றும் அவசரத்தில் இருப்பவரை நம்ப முடியாது என்று, பக்கத்து வண்டிக்காரர்தான் மண்டியிட்டு அடியில் பார்ப்பார். பார்த்துவிட்டு பானெட்டில் இரண்டு தட்டு. அப்புறம்தான் சாவி திரும்பும்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, இன்று கேட்டே தீருவது என்று, தேய்த்த வெள்ளைக் கால்சட்டையில் போனேன்.

"என்ன பூட்டா, நிக்காஹ்வா? பொண்ணு யாரு?"

கால்சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டேன். அவள் ஆட்களை ஏற்றத் தொடங்கினாள். தரையெல்லாம் பறவை எச்சம்.

நான் மண்டியிடவில்லை. தட்டினேன். அவள் சாவியைத் திருப்பினாள்; சக்கரத்தடியில் ஒரு பென்குயின் இருந்தது.

[இரண்டாவது வரைவில் 'முழங்கால் வலி' என்று எழுதியிருந்தேன். பொய். முதல் வரைவில் பென்குயினைப் பிழைக்க வைத்து, கடலில் விட்டு, தூரத்தில் ஒரு திமிங்கிலத்தையும் துள்ள விட்டிருந்தேன். பறவை மருத்துவமனையில் அது மூன்றாம் நாள் செத்தது.]

4

"நீங்க பாத்துதானே தட்டுனீங்க பூட்டா. நான்தான் ரெண்டு நிமிஷம் நின்னு டூரிஸ்டுங்களுக்கு ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துல உள்ள போயிருக்கும்."

நான் தலையாட்டினேன்.

குனியாததுகூடப் பரவாயில்லை. இந்தத் தலையாட்டலுக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது. அன்றே அவள் வேலை வேண்டாமென்று சாவியைக் கொடுத்துவிட்டாள். நாலு மாசமாகத் தன் தங்கை கடையில் சமோசா மடிக்கிறாள்.

முடிவு ஒன்று: சொல்கிறேன், மன்னிக்கிறாள், நிக்காஹ். [எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.]

முடிவு இரண்டு: சொல்லாமலே கட்டிக்கொள்கிறேன். அவள் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட, நான்

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

5

இதுவரை எழுதி முடித்தபோது ஞாயிறு காலை எட்டு மணி. கதவு தட்டி, கூசிஸ்டர் பலகாரக் கிண்ணத்தோடு ருவைதா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பொரித்தால் பாகும் தேங்காய்த் துருவலுமாக எனக்கும் நாலு வரும்.

"என்ன எழுதுறீங்க?"

"கதை."

"நான் இருக்கேனா?"

"இருக்க."

"நல்லபடியா?"

தாள்களை அவளிடம் நீட்டினேன். பிடுங்கிவிடலாமா என்று இருந்தது.

இப்போது அடுப்படி மேசையில் உட்கார்ந்து படிக்கிறாள். குரங்கு வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தலை நிமிராமலே சொன்னாள்:

"இதைக் கேக்க இத்தனை வருஷமா, இக்‌ஷான்?"

பூட்டா போய்விட்டது. என் பெயரை அவள் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ருவைதா, அதுக்கப்புறம் இருக்கறதை..."

"பேசாதீங்க. முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன்."

பக்கம் திருப்புகிறாள். மூன்றாம் பகுதி. நீங்கள் அதைப் படித்து முடித்துவிட்டீர்கள், வாசகரே. அவள் இன்னும் இல்லை. படித்து நிமிரும்போது என்ன சொல்வாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.